‘நடுக்க மாத்திரை’ ஆஸ்துமாகாரர்களுக்கு ஏன் ஆகாது? செல்கள் பேசிக்கொள்ளும் கதை

இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள். தெருமுனை திரும்பியதும் நாலு நாய்கள் ஒன்றாகக் குரைத்துக்கொண்டு துரத்துகின்றன. அடுத்த சில விநாடிகளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூச்சு தாராளமாக உள்ளே போகிறது. முகம் வெளிறிப்போகிறது. வயிற்றைக் கலக்குகிறது. வீடு வந்து வண்டிக்கு ஸ்டாண்ட் போட்ட பிறகும் கை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது.

இதில் பெரும்பங்கு ஒரே ஒரு ரசாயனத்தின் வேலை. பெயர், அட்ரினலின். சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவருகிறது. நரம்பு முனைகளிலிருந்து வெளிவரும் அதன் உடன்பிறப்பு நார்அட்ரினலினும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

இங்கேதான் ஒரு புதிர். அதே அட்ரினலின் இதயத் தசையை வேகமாகச் சுருங்கச் சொல்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையைத் தளரச் சொல்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக்குழாய்களைச் சுருங்கச் சொல்கிறது. கல்லீரலிடம், ‘சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை அவிழ்த்துவிடு’ என்கிறது. ஒரே செய்திக்கு எப்படி இத்தனை பதில்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையில் நோபல் பரிசுகள் வரிசையாக வருகின்றன. அதே விடைதான் இன்று மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு மாத்திரை சிலருக்கு ஏன் மூச்சை அடைக்கிறது என்பதையும், ஆஸ்துமாகாரர்கள் பையில் வைத்திருக்கும் நீல இன்ஹேலர் ஏன் தனியாக நம்பத்தக்கதல்ல என்பதையும் விளக்குகிறது.

பூட்டும் சாவியும் இல்லை, காலிங் பெல்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஹார்மோனைச் சாவி என்றும், செல்லின் மேலிருக்கும் ரிசெப்டரை, அதாவது ஏற்பியை, பூட்டு என்றும் படித்திருப்போம். அது பாதிதான் சரி. சாவி போட்டுத் திறந்தால் ஆள் உள்ளே போவார். அட்ரினலின் செல்லுக்குள் போவதே இல்லை. செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலம் அதை உள்ளே விடாது. வாசலில் நின்று காலிங் பெல்லை அழுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. மிச்சத்தை வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் பார்க்கவேண்டும்.

எல்லா வீட்டிலும் அந்தப் பெல் இருக்காது. பெல் இல்லாத வீட்டுக்கு வெளியே எவ்வளவு அட்ரினலின் ஓடினாலும் உள்ளே எதுவும் கேட்காது. பெல் இருக்கும் வீடுகளிலும் மாடல் வேறு. மணி அடித்ததும் எழுந்து வருபவர் யார் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

இப்படி ஏதோ ஒன்று செல்லில் இருக்கவேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் லாங்லி. 1905-ல் நிகோட்டினையும் க்யூராரே என்ற அம்பு விஷத்தையும் தசையில் வைத்துச் சோதித்தவர், தசையில் இவற்றை ‘ஏற்கும் பொருள்’ ஒன்று இருக்கிறது என்று எழுதினார். கண்ணால் பார்க்க முடியாது, கையில் பிடித்துக் காட்டவும் முடியாது. பல பத்தாண்டுகளுக்கு அது வெறும் ஊகமாகவே கிடந்தது.

1948-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற மருந்தியல் ஆய்வாளர், அட்ரினலினையும் அதன் சாயலில் இருக்கும் சில ரசாயனங்களையும் எடுத்து, ஒவ்வொரு உறுப்பிலும் எது வலுவாக வேலை செய்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். ரத்தக்குழாயைச் சுருக்குவது போன்ற வேலைகளில் அட்ரினலின் முன்னால் நின்றது, ஐசோப்ரினலின் கடைசியில் வந்தது. இதயத்தை முடுக்குவது, மூச்சுக்குழாயைத் தளர்த்துவது போன்றவற்றில் வரிசை தலைகீழ். அப்படியானால் ஏற்பி ஒன்றல்ல, இரண்டு வகை இருக்கவேண்டும். அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். அந்தத் துறையின் முக்கியமான ஆய்விதழ் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது! வேறொரு இதழில் வெளியான அதைப் பல வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்காட்லாந்துக்காரர். நெஞ்சுவலிக்கு எல்லோரும் இதயத்துக்கு அதிக ரத்தம் அனுப்பும் வழியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் எதிர்த்திசையில் யோசித்தார். இதயத்தின் வேலைப்பளுவைக் குறைத்தால் என்ன? பீட்டா பெல்லின் மேல் விரல் வைத்து மூடிவிட்டால், அட்ரினலின் வந்தாலும் அழுத்த முடியாதே. அப்படி 1960-களின் நடுவில் புழக்கத்துக்கு வந்ததுதான் ப்ரொப்ரனலால். 1988-ல் பிளாக்குக்கு நோபல் கிடைத்தது.

1967-ல் பீட்டாவுக்குள்ளேயே இரண்டு வகை என்று பிரிக்கப்பட்டது. இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1. மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2. இந்த ஒன்று, இரண்டு என்ற எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கதவுக்கு அந்தப் பக்கம்

சரி, பெல் அடித்தாச்சு. உள்ளே யார் எழுந்து வருகிறார்?

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் எர்ல் சதர்லாண்டும் அவர் கூட்டாளிகளும் கல்லீரல் செல்களை அரைத்துக் கரைசலாக்கினார்கள். அதில் அட்ரினலினைச் சேர்த்தால், சேமிப்புச் சர்க்கரையை உடைக்கும் நொதி விழித்துக்கொண்டது. பிறகு அந்தக் கரைசலைச் சுழற்றி, செல் படலத் துணுக்குகளைத் தனியே எடுத்துவிட்டார்கள். தெளிந்த பகுதியில் அட்ரினலினைச் சேர்த்தால், ம்ஹூம், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து, படலத் துணுக்குகளில் மட்டும் அட்ரினலினைச் சேர்த்து, அதைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றைத் தெளிந்த பகுதியில் விட்டார்கள். நொதி விழித்தது!

புரிகிறதா? அட்ரினலின் படலத்தோடு நின்றுவிடுகிறது. படலம் அதற்குப் பதிலாக வேறொரு சின்ன மூலக்கூறைத் தயாரித்து உள்ளே அனுப்புகிறது. கொதிக்க வைத்தாலும் கெடாததால் அது புரதம் இல்லை. அதுதான் சைக்ளிக் ஏஎம்பி. ‘இரண்டாம் தூதர்’ என்று இதைச் சொல்வார்கள். சதர்லாண்டுக்கு 1971-ல் நோபல்.

பெல்லுக்கும் இந்தத் தூதருக்கும் நடுவே இன்னொருவர் இருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. ஜி-புரோட்டீன். படலத்தின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே அட்ரினலின் உட்கார்ந்ததும் ஏற்பி லேசாக உருவம் மாறி உட்பக்கம் விரிகிறது. ஜி-புரோட்டீன் அதில் வந்து பொருந்தி, தன் கையிலிருக்கும் ஜிடிபி என்ற பழைய துண்டைப் போட்டுவிட்டு ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள அதன் அண்ணனை, அதாவது ‘சார்ஜ்’ ஏறிய துண்டை எடுத்துக்கொள்கிறது. இப்போது அது ‘ஆன்’. ஓடிப்போய் சைக்ளிக் ஏஎம்பி தயாரிக்கும் நொதியைத் தட்டி எழுப்புகிறது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடுதல் பாஸ்பேட்டைத் தானே வெட்டிக்கொண்டு ‘ஆஃப்’ ஆகிவிடும். இதைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் கில்மனும் மார்ட்டின் ராட்பெல்லும் 1994-ல் நோபல் பெற்றார்கள்.

தானே ஆஃப் ஆகும் இந்தக் குணம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் காலரா சாட்சி. காலரா கிருமி வெளியிடும் நச்சு, குடல் செல்களில் இருக்கும் ஜி-புரோட்டீனை ஆஃப் ஆகவிடாமல் பிடித்துவைத்துவிடும். சைக்ளிக் ஏஎம்பி நிற்காமல் பெருகும். செல்கள் உப்பையும் தண்ணீரையும் குடலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. அந்த நச்சு இருப்பதை 1959-ல் சோதனையில் நிறுவியவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை. உள்ளூரிலும் நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

ஏற்பியைக் கையில் பிடித்த கதையும் உண்டு. 1970 வாக்கில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், ஹார்மோன்களில் கதிரியக்க அடையாளம் ஒட்டி, அவை எங்கே போய் உட்காருகின்றன என்று தேடத் தொடங்கினார். 1980-களில் அவருடைய ஆய்வகத்தில் சேர்ந்த பிரையன் கோபில்கா, பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தார். பார்த்தால், செல் படலத்தை ஊசித் தையல் போல ஏழு முறை துளைத்துப் போகும் புரதம் அது. கண்ணில் வெளிச்சத்தை உணரும் ரொடாப்சினும் அதே அச்சு. அட்ரினலினையும் வெளிச்சத்தையும் ஒரே குடும்பத்து ஏற்பிகள் பிடிக்கின்றன! மனித மரபணுத் தொகுப்பில் இந்தக் குடும்பத்தில் சுமார் 800 உறுப்பினர்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி வாசனை பிடிப்பவை. இன்று புழக்கத்தில் இருக்கும் மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தைத்தான் குறிவைக்கின்றன. இருவருக்கும் 2012-ல் வேதியியல் நோபல்.

ஆரம்பத்தில் கேட்ட புதிருக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். இதய செல்லில் சைக்ளிக் ஏஎம்பி கூடினால் கால்சியம் அதிகம் உள்ளே வந்து துடிப்பு வலுக்கிறது. மூச்சுக்குழாய்த் தசையில் அதே சைக்ளிக் ஏஎம்பி சுருங்கும் இயந்திரத்தைத் தளர்த்துகிறது. தோலின் ரத்தக்குழாயில் பெல்லே வேறு மாடல், ஆல்ஃபா-1. அது வேறு ஜி-புரோட்டீனை எழுப்பி, கால்சியத்தைக் கூட்டி, குழாயைச் சுருக்குகிறது. அட்ரினலினுக்கு இதில் எதுவுமே தெரியாது. அர்த்தம் முழுக்கக் கேட்பவர் கையில்.

கடுமையான அலர்ஜியில் சரியும் நோயாளிக்கு டாக்டர்கள் தொடையில் அட்ரினலின் ஊசியே போடுவது இதனால்தான். வேர்க்கடலையோ குளவிக் கொட்டோ, உடம்பு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டும்போது ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது. அங்கே எல்லாப் பெல்லையும் ஒரே நேரத்தில் அடிக்கும் ஆள்தான் வேண்டும்.

நீல இன்ஹேலர்

ஆஸ்துமாவுக்கு அப்படி இல்லை. அங்கே மூச்சுக்குழாயின் பெல் மட்டும் அடித்தால் போதும். இதயத்தைத் தொந்தரவு செய்யக்கூடாது.

ஆரம்பத்தில் வந்த ஐசோப்ரினலின் இன்ஹேலர் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அழுத்தியது. 1960-களில் இங்கிலாந்து உட்பட சில நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று ஏறின. அதிக டோஸ் ஐசோப்ரினலின் இன்ஹேலர்கள் மேல் சந்தேகம் விழுந்தது. எச்சரிக்கைகள் வந்து விற்பனை குறைந்ததும் மரணங்களும் குறைந்தன. 1969-ல் பீட்டா-2-வை மட்டும் பெரும்பாலும் குறிவைக்கும் சால்ப்யூடமால் வந்தது. இன்றைய நீல இன்ஹேலரில் இருப்பது அதுதான்.

அது போட்டதும் கை ஏன் நடுங்குகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கைத்தசையிலும் பீட்டா-2 இருக்கிறது. இதயத்திலும் கொஞ்சம் இருக்கிறது, அதனால் படபடப்பு. மருந்து பெல்லின் மாடலைப் பார்க்குமே தவிர, அது எந்த வீட்டு வாசலில் இருக்கிறது என்று பார்க்காது.

கதை அதோடு முடியவில்லை. 1976-லிருந்து நியூசிலாந்தில் மறுபடியும் ஆஸ்துமா மரணங்கள் உயர்ந்தன. 1989-ல் வெளியான ஆய்வு ஃபெனோட்டெரால் என்ற இன்னொரு பீட்டா மருந்தைச் சுட்டிக்காட்டியது. அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியதும் மரணங்கள் இறங்கின. மருந்து இதயத்தைப் பாதித்ததா, அல்லது உடனடி நிம்மதி கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வைத்ததா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது செல்லின் சுபாவம். யாராவது நாள் முழுக்கக் காலிங் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒயரைப் பிடுங்கிவிடுவீர்கள். செல்லும் அதைத்தான் செய்கிறது. அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட ஏற்பியின் உள்வாலில் ஒரு நொதி பாஸ்பேட் முத்திரை குத்துகிறது. அரெஸ்டின் என்ற புரதம் அதில் வந்து ஒட்டிக்கொண்டு ஜி-புரோட்டீனை நெருங்கவிடாமல் தடுக்கிறது. அப்புறம் ஏற்பியையே படலத்திலிருந்து உள்ளே இழுத்துவிடுகிறது. தூண்டல் தொடர்ந்தால் ஏற்பிகளின் எண்ணிக்கையே குறைகிறது. நீல இன்ஹேலரைத் தினமும் பலமுறை அடிப்பவருக்கு, ‘முன்ன மாதிரி கேக்கலை’ என்று தோன்றுவதில் இதற்கும் பங்கு உண்டு.

அதைவிட முக்கியம், சால்ப்யூடமால் தசையைத்தான் தளர்த்துகிறது. ஆஸ்துமாவின் வேர் தசையில் இல்லை, மூச்சுக்குழாய்ச் சுவரின் அழற்சியில் இருக்கிறது. அங்கே நோய் எதிர்ப்பு செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன், இன்டர்லூக்கின் என்று தங்களுக்குள் வேறொரு பேச்சு பேசிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து செல்லுக்கு மட்டும் கேட்கும் அந்தக் கிசுகிசுவை நீல இன்ஹேலர் தொடுவதே இல்லை.

அதைத் தொடுவது இன்ஹேலர் வழியாக எடுக்கும் ஸ்டீராய்டு. இது வேறு ஜாதித் தூதர். கொழுப்பில் கரையும், அதனால் பெல் அடிக்கவேண்டிய அவசியமில்லை. சுவர் வழியாக நேரே உள்ளே போய், செல்லுக்குள் மிதக்கும் ஏற்பியோடு சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு பேசலாம், எது வாயை மூடவேண்டும் என்று மாற்றி எழுதுகிறது. அழற்சிச் செய்திகள் அடங்குகின்றன. கூடவே, பீட்டா-2 ஏற்பியைத் தயாரிக்கும் மரபணுவையும் அது முடுக்குகிறது! ஆனால் புதுப் புரதம் தயாராக நேரம் பிடிக்கும். அதனால் முழுப் பலன் தெரிய நாட்கள், வாரங்கள்கூட ஆகலாம். அடித்தவுடனே ‘சுகமா’ தெரியாததால்தான் பலர் இதை நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ‘ஸ்டீராய்டா? வேணாம்பா’ என்ற பயம் வேறு. இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் கணக்கில், நேரே நுரையீரலுக்கு. மாத்திரையில் விழுங்கும் அளவோடு ஒப்பிடவே முடியாது.

சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ‘ஜினா’ அமைப்பு 2019-ல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்கும் சிகிச்சையை இனி பரிந்துரைப்பதில்லை என்றது. அதற்குப் பதில் ஸ்டீராய்டும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலர் அல்லது நீலத்தோடு கட்டாயம் ஸ்டீராய்டு. 200 டோஸ் உள்ள நீல இன்ஹேலர் வருஷத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால், கடும் மூச்சுத்திணறல் வரும் ஆபத்து கூடுகிறது. 12-ஐத் தொட்டால் மரண ஆபத்தே உயர்கிறது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13% பேர் இந்தியாவில் இருப்பதாகவும், ஆஸ்துமா மரணங்களில் 40%-க்கும் மேல் இங்கேதான் நடப்பதாகவும் உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீடுகள் சொல்கின்றன. அந்த இரண்டு எண்களுக்கு நடுவிலிருக்கும் இடைவெளி சின்னதல்ல.

‘ஒண்ணு போட்டுக்கோ மச்சி’

இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம். ப்ரொப்ரனலால் இதயத்துக்காக வந்தாலும், இன்று மைக்ரேன் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எழுதிக்கொடுக்கப்படுகிறது. மேடைப் பயம் இருப்பவர்களுக்கும் உதவுகிறது. மூளையின் பயம் அப்படியே இருந்தாலும் நெஞ்சு அடிக்காது, கை ஆடாது, குரல் நடுங்காது. அதனால் இன்டர்வியூவுக்கு முன்னாடி, பிரசென்டேஷனுக்கு முன்னாடி, ‘ஒண்ணு போட்டுக்கோ மச்சி, ஒண்ணும் ஆகாது’ என்று கை மாறுகிறது.

அந்த எண்கள் நினைவிருக்கிறதா? ப்ரொப்ரனலாலுக்கு ஒன்று, இரண்டு என்ற பாகுபாடு கிடையாது. இரண்டையும் மூடும். ஆஸ்துமா இல்லாதவருக்கு மூச்சுக்குழாயில் பீட்டா-2 மூடினால் பெரும்பாலும் தெரியாது. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தக் குழாய்கள் எப்போது வேண்டுமானாலும் இறுகத் தயாராக இருப்பவை. தளர்த்தும் சிக்னலை மூடினால், சுருக்கும் சிக்னல் மட்டும் மிஞ்சும். ஒரே மாத்திரையில்கூடக் கடும் மூச்சுத்திணறல் வரலாம். அதைவிடச் சிக்கல், அப்போது நீல இன்ஹேலரை எடுத்து அடித்தாலும் அது அழுத்தவேண்டிய பெல் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும்.

‘சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்போ இல்லை’ என்பவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்லவேண்டும். மெட்டோப்ரோலால், அடினலால் போன்றவை பீட்டா-1 மேல் அதிகப் பிடிப்பு உள்ளவை. தேவைப்பட்டால் ஆஸ்துமா இருப்பவருக்கும் டாக்டர் யோசித்துக் கொடுப்பதுண்டு. ஆனால் டோஸ் ஏற ஏற அவற்றின் பாகுபாடும் கரைந்துபோகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வாரக்கணக்கில் பெல் மூடிக்கிடந்தால், செல் ‘ஏன் யாருமே வரல?’ என்பதுபோல் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், வழக்கமான அட்ரினலினுக்கே இதயம் துள்ளும். இதய நோயாளிகளுக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். பீட்டா பிளாக்கரைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்தவேண்டும் என்று டாக்டர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொன்று, பலர் எதிர்பார்க்காத இடம். கண் ஆஸ்பத்திரி. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்குப் போடும் சொட்டு மருந்துகளில் டிமோலால் பழையது, விலை குறைவு, இன்றும் பரவலாக எழுதப்படுவது. அதுவும் ஒன்று, இரண்டு பாராத பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்ட சொட்டு, கண்ணீர் வடியும் சின்னக் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் வழியாகச் சுற்றிப் போகாததால் மாத்திரையைப் போலப் பாதி வழியில் சிதைவதும் இல்லை. ஆஸ்துமா உள்ள முதியவருக்கு அந்த ஒரு சொட்டே மூச்சை இறுக்கப் போதும். அப்பாவையோ பாட்டியையோ கண் டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி, ‘இவங்களுக்கு ஆஸ்துமா, வீசிங் ஏதாவது இருக்கா?’ என்று அவர் கேட்டால், கேள்வி அந்தப் பீட்டா-2-வைப் பற்றித்தான்.